சுமை ஏறிய பிறகு

(மூன்றாம் ஆண்டு, இளம் அறிவியல் – இயற்பியல்)

கல்லூரியில் சேர வந்த அன்று கையில் கொடுத்த படிவத்தில் 'தந்தையின் தொழில்' என்று ஒரு கட்டம் இருந்தது. பேனாவைப் பிடித்தபடி சற்று நேரம் யோசித்தேன். பிறகு 'போக்குவரத்து' என்று எழுதினேன். அது பொய்யன்று, ஆனால் முழு உண்மையும் அன்று. என் தந்தை வாடகைக் கார் ஓட்டுபவர். பழைய பேருந்து நிலையத்துப் பக்கம் வேப்பமர நிழலில் ஒரு வெள்ளை அம்பாசிடர் நிற்பதை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். அதன் முன் இருக்கையில் துண்டை மடித்துத் தலைக்கு வைத்துக்கொண்டு சவாரிக்குக் காத்திருப்பவரே என் தந்தை.

இதை இரண்டரை ஆண்டுகளாக நான் எவரிடமும் சொன்னதில்லை. இப்போது ஆண்டு மலரிலேயே எழுதுகிறேன். இடையில் நடந்தது ஒன்றும் பெரிய சம்பவமன்று. ஒரு விடுமுறையில் நானும் அப்பாவும் எங்கள் வீட்டு வாசலில் அந்தக் காருக்குப் பட்டை மாற்றினோம். அவ்வளவுதான்.

எங்கள் காரைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். 2003ஆம் ஆண்டு டீசல் வண்டி. அப்பா அதை இரண்டாம் கையாக வாங்கினார். இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசைக் காரின் அச்சு அசலாக, மேற்கு வங்கத்து உத்தர்பாராவில், 1950களின் இறுதியில் பிறந்தது அம்பாசிடர். மந்திரியும் அதில்தான் போனார். மணப்பெண்ணும் அதில்தான் போனாள். 2013இல் பி.பி.சி.யின் 'டாப் கியர்' நிகழ்ச்சி உலகத்தின் சிறந்த வாடகைக் கார் என்று அதற்குப் பட்டம் கொடுத்தது. மறு ஆண்டு, 2014 மே மாதம், தொழிற்சாலையில் உற்பத்தி நின்றுவிட்டது. 2017இல் அந்தப் பெயரைக்கூடப் பிரெஞ்சுக் கார் நிறுவனமான பெஜோ 80 கோடி ரூபாய்க்கு வாங்கிக்கொண்டது. பெயரே விலை போனபின் வண்டி மட்டும் எங்கள் வாசலில் நின்றது.

அந்த வண்டி ஒரு நாள் இடப்பக்கம் சாய்ந்தது.

விராலிமலையில் உறவினர் வீட்டுக் காதுகுத்து. அப்பாவிடம் கேட்டவர்கள் வசதியில்லாதவர்கள். ஐந்து பேர் போக வேண்டிய காரில் குழந்தைகளோடு பதினொருவர் ஏறினார்கள். டிக்கியில் அண்டா, குண்டான், அரிசி மூட்டை. மயிலிறகே ஆனாலும் அளவு மீறி ஏற்றினால் வண்டியின் அச்சு முறிந்துபோகும் என்று வள்ளுவர் எச்சரித்திருக்கிறார். மயில்கள் உலவும் விராலிமலைக்குப் போகும் வழியிலேயே அது எங்களுக்கு நிரூபணமாயிற்று. அச்சு முறியவில்லை, பட்டை முறிந்தது. திரும்பி வருகையில் ஒவ்வொரு வேகத்தடையிலும் பின்னாலிருந்து 'டொக்' என்று ஒரு சத்தம். வீட்டுக்கு வந்து நிறுத்தியபோது, ஒரு காலை ஊன்ற முடியாத மனிதனைப் போல வண்டி நின்றது.

அப்பா உடனே சரிசெய்யவில்லை, கையில் பணமில்லை. சாய்ந்த வண்டியிலேயே மெல்ல ஓட்டிக்கொண்டிருந்தார். அப்போதுதான் நம் கல்லூரியில் ஒரு விழா நடந்தது. சிறப்பு விருந்தினரைத் திருச்சிச் சந்திப்பிலிருந்து அழைத்து வரும் சவாரி அப்பாவுக்குக் கிடைத்தது. எனக்கு அது தெரியாது. நண்பர்களோடு முகப்பில் நின்றுகொண்டிருந்தேன். வெள்ளைக் கார் இடப்பக்கம் தாழ்ந்தபடி வளைவில் திரும்பி உள்ளே வந்தது.

"டேய், கட்டவண்டி நொண்டிக்கிட்டு வருது பாருடா" என்றான் ஒருவன். எல்லோரும் சிரித்தார்கள்.

நானும் சிரித்தேன்.

அப்பா இறங்கி விருந்தினருக்குக் கதவைத் திறந்துவிட்டு நிமிர்ந்தார். என்னைப் பார்த்தார். ஒரு கணந்தான். பிறகு முன்பின் தெரியாதவரைப் போல முகத்தைத் திருப்பிக்கொண்டு வண்டியை ஓரமாகக் கொண்டுபோய் நிறுத்தினார். அவர் என்னை அழைத்திருந்தால் எனக்குக் கோபம் வந்திருக்கும். அழைக்காமல் விட்டாரே, அதை இன்றுவரை என்னால் தாங்க முடியவில்லை. அன்றிரவு சாப்பிடும்போது அவர் அதைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. "கூட்டம் நல்லா நடந்துச்சா?" என்று மட்டும் கேட்டார்.

வாடகை வண்டிக்கு, அதுவும் பழைய வண்டிக்கு, ஆண்டுதோறும் தகுதிச் சான்று வாங்கியாக வேண்டும். எங்கள் காருக்கு அந்த நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. சாய்ந்த வண்டியைக் கொண்டுபோனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஒரு பட்டறையில் விசாரித்தார். அவர்கள் சொன்ன கூலி ஒரு மாதச் சவாரிக்குச் சமம். இன்னொருவர், "இதுக்குப் போயி செலவு பண்றீங்களே, எடைக்குப் போட்டுருங்க" என்று அறிவுரை சொன்னார். அப்பா வீட்டுக்கு வந்து திண்ணையில் உட்கார்ந்தார். எங்கள் அப்பத்தாதான் பேசியது.

"ஒங்கப்பன் வில்லுவண்டிக்கி அவனே கீழ படுத்துப் பட்டையை மாத்துவான். நீ என்னமோ கைய பெசஞ்சுக்கிட்டு ஒக்காந்திருக்க."

எங்கள் தாத்தா ஒற்றைமாட்டு வில்வண்டி ஓட்டியவர். திருக்கோகர்ணத்துக்கும் கடைவீதிக்கும் ஆள் ஏற்றியவர். அப்பா அம்பாசிடர் ஓட்டுகிறார். இரண்டுக்கும் அடியில் இருப்பது ஒரே பொருள் என்பது எனக்கு அன்றுதான் உறைத்தது. 1804இல் ஒபாடியா எலியட் என்ற ஆங்கிலேயர் நீள்வட்ட வடிவில் பட்டைகளை அடுக்கிக் குதிரை வண்டிக்குப் பொருத்தும் முறைக்கு உரிமை பெற்றார். அந்த வில்தான் நம்மூர் வில்வண்டிக்கும் வந்தது. அதைத் தொடர்ந்து காருக்கும் லாரிக்கும் வந்தது. நம் முன்னோர் அந்த வண்டிக்கு வில்வண்டி என்று பெயர் வைத்ததைவிடப் பொருத்தமான பெயர் எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை.

விடுமுறை நாள். காலை ஆறு மணிக்கே அப்பா வேலையைத் தொடங்கினார். "நானும் வர்றேன்" என்றேன். "நீ படி. இது கிரீஸு வேல" என்றார். பள்ளி நாள்களிலிருந்தே அவர் என்னை ஸ்பேனரைத் தொட விட்டதில்லை. நான் பதில் சொல்லாமல் பழைய கைலியைக் கட்டிக்கொண்டு வந்து நின்றேன். அவர் என்னை ஒரு முறை பார்த்துவிட்டு, "சரி, அந்தக் கல்ல எடு" என்றார்.

முன் சக்கரங்கள் இரண்டுக்கும் முன்னும் பின்னும் கருங்கல் வைத்தோம். சக்கர நட்டுகளை வண்டி தரையில் நிற்கும்போதே இளக்கிக்கொள்ள வேண்டும். தூக்கியபின் இளக்கினால் சக்கரம் கூடவே சுற்றும். எங்கள் வாசல் செம்மண். ஜாக்கியை அப்படியே வைத்தால் மண்ணில் புதையும் என்று ஒரு தடித்த பலகையைப் போட்டு அதன்மேல் ஜாக்கியை வைத்தார். பின் அச்சு ஹவுசிங்கின் நடுவில் கொடுத்துத் தூக்கினார். தூக்கியதும், வண்டியின் உடம்புக்கு அடியில் இரு பக்கமும் பழைய ரயில் கட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கினார். பக்கத்தில் சிமென்ட் செங்கல் கிடந்தது. அதை எடுத்துக் கொடுத்தேன்.

"அது கூடாதுய்யா. வெடிச்சா சொல்லாமக் கொள்ளாம வெடிக்கும். மரம் நசுங்கும், முனகும், ஆளை எழுப்பும்" என்றார்.

கழற்றிய சக்கரங்களையும் வீணாக்கவில்லை. அவற்றையும் படுக்கப்போட்டு வண்டிக்கு அடியில் தள்ளினார். பிறகு வண்டியைத் தோளால் நான்கைந்து முறை தள்ளிப் பார்த்தார். அசையவில்லை என்று தெரிந்த பிறகே என்னை அடியில் போகவிட்டார்.

வண்டியின் அடியில் மல்லாந்து படுத்துப் பார்ப்பது ஒரு தனி அனுபவம். இயற்பியல் ஆய்வகத்தில் நாம் பார்த்த கருவிகளெல்லாம் அங்கே சேறு பூசிக்கொண்டு தொங்குகின்றன. முன்பக்கச் சக்கரங்களை ஏந்துவது நீண்ட இரும்புக் கம்பி. சக்கரம் மேலேறும்போது அது முறுகும். நம் ஆய்வகத்து முறுக்கு ஊசலில் கம்பி முறுகுகிறதே, அதே தத்துவம். பின்பக்கத்தில் இருப்பது பட்டைக் கட்டு. நீளமான மெயின் பட்டை மேலே. அதற்குக் கீழே வரவரக் குட்டையாகும் பட்டைகள். எண்ணினேன். முன்னொரு காலத்தில் யாரோ கூடுதலாகச் சேர்த்த ஒன்றோடு ஆறு. நடுவில் ஒரு சென்டர் போல்ட் எல்லாவற்றையும் ஊடுருவிப் பிடிக்கிறது. அச்சை வளைத்து வரும் இரண்டு யூ போல்ட்டுகள் கட்டை அச்சோடு சேர்த்து இறுக்குகின்றன. மெயின் பட்டையின் இரு நுனியும் வளையமாகச் சுருண்டிருக்கும். அதற்குக் 'கண்' என்று பெயர். முன் கண் வண்டியின் உடம்போடு நேரே பூட்டப்பட்டிருக்கிறது. பின் கண் ஷேக்கிள் என்ற சிறு ஊஞ்சலில் தொங்குகிறது. வளைந்த பட்டை சுமையில் நிமிரும்போது நீளும் அல்லவா? நீளுவதற்கு இடம் வேண்டும். அந்த இடத்தைத்தான் ஊஞ்சல் கொடுக்கிறது.

படிப்பதற்கு இது எளிது. கழற்றுவதோ பெரும்பாடு. யூ போல்ட் நட்டுகளில் முந்தின இரவே டீசலும் மண்ணெண்ணெயும் ஊற்றி வைத்திருந்தார். ஆனாலும் இரண்டுதான் வந்தன. ஸ்பேனரில் குழாய் செருகித் திருப்பியும் மற்றவை அசையவில்லை. "அறுத்துரு. எப்படியும் புதுசுதானே போடப்போறோம்" என்றார். ஹாக்ஸா பிளேடு மூன்று முறிந்தன. ஷாக் அப்சார்பரின் கீழ் நட்டு, ஷேக்கிள் தகடு என்று ஒவ்வொன்றாக வந்தது. கடைசியில் நின்றது முன் கண்ணின் போல்ட். ரப்பர் புஷ் தேய்ந்து, உள்ளே தண்ணீர் இறங்கி, துரு ஏறி, போல்ட்டும் புஷ்ஷும் ஒன்றாகிக் கிடந்தன.

நான் அடியில் படுத்துச் சுத்தியலால் அடித்துக்கொண்டிருந்தேன். எத்தனையாவது அடி என்று நினைவில்லை. 'கரக்' என்று ஒரு சத்தம். ஜாக்கியின் ஒரு பக்கம் பலகையோடு மண்ணில் இறங்கிச் சரிந்தது. மேலே இருந்த வானமே ஒரு விரற்கடை தாழ்ந்ததுபோல் இருந்தது. ரயில் கட்டைகள் முனகின. அவ்வளவுதான், தாங்கிவிட்டன. அப்பா என் இரண்டு கால்களையும் பிடித்து இழுத்த வேகத்தில் முதுகில் தோல் உரிந்தது. வெளியே வந்ததும் எழுந்து உட்கார்ந்தேன். அவர் பேசவில்லை. என் தலை, தோள், கை எல்லாவற்றையும் தடவிப் பார்த்தார். முப்பதாண்டுகள் ஸ்டியரிங்கைப் பிடித்த அந்தக் கைகள் நடுங்குவதை அன்றுதான் பார்த்தேன்.

"போதும், நீ போ" என்றார் கடைசியில்.

"கட்ட தாங்குச்சுல்லப்பா" என்றேன்.

இருவரும் சிறிது நேரம் திண்ணையில் உட்கார்ந்திருந்தோம். அம்மா மோர் கொண்டுவந்து கொடுத்தாள். நடந்ததை இருவருமே அவளிடம் சொல்லவில்லை. பிறகு அகலமான பலகையாகத் தேடிப் போட்டு, ஜாக்கியைப் புதிதாக நிறுத்தி, இன்னும் இரண்டு கட்டை சேர்த்து அடுக்கிவிட்டு வேலையைத் தொடர்ந்தோம். அந்தப் போல்ட் உச்சிப் பொழுதில் வந்தது.

கழற்றிய கட்டைத் தரையில் போட்டுப் பிரித்தோம். மெயின் பட்டை சென்டர் போல்ட் துளையின் குறுக்கே இரண்டாக முறிந்திருந்தது. முறிவின் ஒரு பாதி பளபளவென்று புதிதாக இருந்தது. மறு பாதி துரு பிடித்துக் கறுத்திருந்தது. அதைப் பார்த்ததும் அப்பாவின் முகம் மாறியது.

"காதுகுத்துல ஒடஞ்சதுன்னு நெனச்சேன். இது ரொம்ப நாளா விட்டுக்கிட்டே வந்திருக்கு. போன தடவ யூ போல்ட்டு மாட்டுனப்ப, கொஞ்ச தூரம் ஓடுனதும் திரும்ப முடுக்கணும்னு தெரியும். சவாரி சவாரின்னு விட்டுட்டேன். எந்தப்புதான்."

ஏன் அப்படி என்று கேட்டேன். அவர் கையாலேயே விளக்கினார். பட்டையின் நடுவில் துளை இருப்பதால் அதுவே அதன் பலவீனமான இடம். யூ போல்ட் இறுக்கமாக இருக்கும்வரை அந்த இடம் வளையாமல் காப்பாற்றப்படுகிறது. போல்ட் தளர்ந்தால், வளைவெல்லாம் துளையிருக்கும் இடத்துக்கே வந்துவிடும். ஒவ்வொரு மேடு பள்ளத்திலும் மயிரிழை மயிரிழையாக விரிசல் வளரும். கடைசிச் சுமை வரும் நாளில் எல்லோரும் அந்தச் சுமையைக் குற்றம் சொல்வார்கள்.

நான் தலை குனிந்து அந்தப் பழைய முறிவையும் புதிய முறிவையும் பார்த்துக்கொண்டிருந்தேன். கல்லூரி முகப்பில் நான் சிரித்தது எந்தக் கணக்கில் சேரும் என்று நினைத்தேன். அது அன்று ஒரு நாளில் உடைந்ததன்று. 'போக்குவரத்து' என்று எழுதிய நாளிலிருந்தே விட்டுக்கொண்டு வந்திருக்கிறது.

திருச்சிக் கடை ஒன்றில் இடப்பக்கத்துக்குப் புது மெயின் பட்டை கிடைத்தது. இரு பக்கத்துக்கும் புது ரப்பர் புஷ்ஷும் யூ போல்ட்டும் வாங்கினோம். இரு பக்கமும் புதுப் பட்டை போடுவதே முறை. ஒன்று புதிதும் ஒன்று பழையதுமாக இருந்தால் வண்டி மறுபக்கம் சாயும். அதற்குப் பணம் போதவில்லை. ஆகவே வலப்பக்கக் கட்டையும் கழற்றி இரண்டையும் பட்டை வேலை செய்யும் ஒரு பெரியவரிடம் கொண்டுபோனோம். அவர் இரு கண்களுக்கும் நடுவே நூலை இழுத்துக் கட்டி, நூலிலிருந்து பட்டையின் நடுவரை எவ்வளவு ஆழம் என்று அளந்தார். பிறகு பழைய பட்டையை அடைகல்லில் வைத்துச் சம்மட்டியால் அங்குலம் அங்குலமாகத் தட்டினார். தட்டுவார், அளப்பார், தட்டுவார், அளப்பார். இரண்டு கட்டும் ஒரே வளைவுக்கு வந்ததும்தான் நிமிர்ந்தார்.

"இத்தன மெல்லிசுப் பட்டைக்குப் பதிலா ஒரே தடிமனாப் போட்டா என்னங்க?" என்று கேட்டேன், எனக்கு விடை தெரியும் என்ற எண்ணத்தில்.

"கட்டவண்டியா போகும். தூக்கித் தூக்கிப் போடும். இல்லேன்னா ஒடஞ்சிரும்" என்றார் ஒரே மூச்சில்.

நான் வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். ஆய்வகத்தில் அளவுகோலைக் கத்தி விளிம்புகளின்மேல் வைத்து, எடையைத் தொங்கவிட்டு, நகரும் நுண்ணோக்கியால் வளைவை அளந்து யங் குணகம் கண்டுபிடிக்கிறோமே, அந்தச் சூத்திரந்தான். வளையாத் தன்மை தடிமனின் மும்மடிப்படி ஏறுகிறது. ஒரு தடித்த பட்டையை அதே நீளத்தில் ஐந்தாகப் பிளந்து அடுக்கினால், உரசலை விட்டுவிட்டுப் பார்த்தால், அதே சுமைக்கு 25 மடங்கு அதிகமாக வளைந்து கொடுக்கும். உரசலும் வீணன்று, பட்டைகள் ஒன்றோடொன்று உரசுவதால்தான் குலுக்கல் சீக்கிரம் அடங்குகிறது. கீழே போகப் போகப் பட்டை குட்டையாவதற்கும் காரணம் உண்டு. வளைக்கும் திருப்புத்திறன் நடுவில் அதிகம், நுனியில் குறைவு. ஆகவே நடுவில் பலம் கூட வேண்டும். ராபர்ட் ஹூக் 1678இல் வெளியிட்ட விதியை நான் இரண்டாண்டு படித்து இரண்டு தேர்வில் எழுதியிருக்கிறேன். அந்தப் பெரியவர் அதை நூலாலும் சம்மட்டியாலும் எழுதுகிறார். அவரிடம் விடை தெரிந்தவன்போலக் கேட்டதற்காக வெட்கப்பட்டேன்.

இரண்டாம் நாள் பூட்டுகிற வேலை. பட்டைகளைத் தேய்த்துத் துடைத்து, கிராபைட் கிரீஸ் தடவி, சென்டர் போல்ட் கொடுத்துக் கட்டாக்கினோம். ரப்பர் புஷ்ஷுக்கும் கிரீஸைத் தடவப் போனேன். அப்பா கையைத் தட்டிவிட்டார். எண்ணெய் பட்டால் ரப்பர் ஊதிக் கெட்டுப்போகும். சோப்புத் தண்ணீர்தான் தடவ வேண்டும். சென்டர் போல்ட்டின் தலை அச்சில் உள்ள குழியில் சரியாக உட்கார வேண்டும். இல்லையேல் அச்சு கோணலாகி வண்டி நண்டுபோல் ஓடும். எல்லாம் பொருந்தியது. நான் ஆர்வத்தில் கண் போல்ட்டையும் ஷேக்கிள் நட்டுகளையும் பலங்கொண்ட மட்டும் இறுக்கிவிட்டு, "முடிஞ்சுதுப்பா" என்று வெளியே வந்தேன்.

அப்பா குனிந்து பார்த்தார். "எல்லாத்தையும் திரும்ப இளக்கு" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. அரை மணி நேர உழைப்பு. "எதுக்கு?"

"வண்டி அந்தரத்துல தொங்குதுய்யா. இப்ப முடுக்குனா அந்த ரப்பரு இதுதான் நம்ம எடம்னு நெனச்சுக்கும். தரையில எறக்குனதும் சும்மா நிக்கிறப்பவே முறுக்கிக்கிட்டு நிக்கும். ஒரு வருசத்துல வரவேண்டிய கிழிசல் ஒரு மாசத்துல வந்துரும். சக்கரத்த மாட்டு, எறக்கு, வண்டி பாரம் முழுசும் பட்டையில வரட்டும். ரெண்டு ஆட்டு ஆட்டு. அது எங்க நிக்கணுமோ அங்க நிக்கும். அப்பறம் முடுக்கு. சொமை ஏறுன பெறகுதான் எதையும் முடுக்கணும்."

அவர் சொன்னபடியே செய்தேன். நட்டுகளை இளக்கி, சக்கரம் மாட்டி, கட்டைகளை உருவி, வண்டியை இறக்கினோம். ஜாக்கி தாழத் தாழ, வளைந்திருந்த பட்டை மெல்ல நிமிர்ந்து, ஷேக்கிள் ஊஞ்சல் பின்னால் சாய்ந்து, வண்டி தன் எடையைத் தானே ஏற்றுக்கொண்டது. இரு பக்கமும் ஒரே மட்டம். அப்பத்தா திண்ணையிலிருந்து எட்டிப் பார்த்து, "இப்பத்தான் மனுசன் மாதிரி நிக்கிது" என்றது. சக்கரங்கள் தரையில் ஊன்றி நிற்க, மறுபடி அடியில் புகுந்து ஒவ்வொன்றாக முடுக்கினேன். யூ போல்ட் நட்டுகளை ஒரே மூச்சில் இறுக்காமல் குறுக்கு மறுக்காக, கொஞ்சம் கொஞ்சமாக.

மாலையில் திருமயம் வரை ஓட்டிப் பார்த்தோம். வேகத்தடைகளில் சத்தமில்லை. கோட்டை தெரிகிற இடத்தில் அப்பா வண்டியை நிறுத்தி, கையால் யூ போல்ட்டுகளைத் தொட்டுப் பார்த்தார். "முந்நூறு கிலோமீட்டரு ஓடுனதும் மறுபடி முடுக்கணும். இந்தத் தடவ விட்டுரக் கூடாது" என்றார். "நான் ஞாபகப்படுத்துறேன்ப்பா" என்றேன். முறிந்த பட்டையைப் பற்றி அவர் தம் தவற்றைச் சொன்னதுபோல, கல்லூரி முகப்பில் நடந்ததைப் பற்றி நானும் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். சொல் வரவில்லை. அவர் வண்டியைக் கிளப்பினார்.

தகுதிச் சான்று கிடைத்தது. கல்லூரி திறந்தது. அடுத்த வாரமே துறைக் கருத்தரங்குக்கு வந்த பேராசிரியர் ஒருவரை ஏற்றிக்கொண்டு அப்பாவின் கார் நம் வளாகத்துக்குள் வந்தது. அதே முகப்பு, அதே நண்பர்கள், நானும் அதே இடத்தில். வண்டி சாயாமல் வந்து நின்றது. விருந்தினர் உள்ளே போனார். அப்பா வழக்கம்போல் யாரையும் பாராமல் வண்டியை ஓரமாகத் திருப்பப் போனார்.

நான் அருகில் போனேன். "அப்பா, எத்தன கிலோமீட்டரு ஆச்சு?"

அவர் என்னையும், எனக்குப் பின்னால் நின்ற நண்பர்களையும் பார்த்தார். "முந்நூத்திப் பத்து. வீட்டுல போயி பாத்துக்கலாம்யா. வெள்ளச் சட்ட போட்டிருக்க."

"சாவிய குடுங்க" என்றேன்.

டிக்கியைத் திறந்து ஸ்பேனரை எடுத்தேன். பழைய சாக்கை விரித்து, வெள்ளைச் சட்டையோடு வண்டிக்கு அடியில் படுத்தேன். வண்டி முழுப் பாரத்தோடு தரையில் நின்றது, ஜாக்கி தேவையில்லை. முதல் நட்டு கால் சுற்று வந்தது. இரண்டாவது அரைச் சுற்று. எட்டில் ஒன்றுகூட முழு இறுக்கத்தில் இல்லை. பட்டை அமர்ந்ததும் போல்ட் தளரும் என்று அப்பா சொன்னது சரிதான். பக்கத்தில் ஒரு ஜோடிச் செருப்பு வந்து நின்றது, ஒருவன் குனிந்தான். அன்று கட்டைவண்டி என்று சொன்னவன்தான்.

"டேய், ஒங்க அப்பாவாடா?"

"ஆமா."

ஒரு கணம் பேசாமல் இருந்தான். பிறகு தன் கைப்பேசியின் விளக்கைப் போட்டு உள்ளே நீட்டினான். "தெரியுதா?" என்றான்.

"இன்னும் கொஞ்சம் இந்தப் பக்கம்" என்றேன்.

வெளியே வந்தபோது சட்டை முழுவதும் செம்மண்ணும் கிரீஸும். அப்பா தம் தோளில் கிடந்த துண்டை எடுத்து என் முதுகைத் தட்டிவிட்டார். "ஒங்கம்மாகிட்ட நீதான் சொல்லிக்கணும்" என்றார். அவர் சிரித்ததை அன்று நம் வகுப்பில் பாதிப் பேர் பார்த்தார்கள்.

நண்பர்களே, நம்மில் பலருடைய வீட்டு வாசலில் இப்படி ஒன்று நின்றுகொண்டிருக்கிறது. சிலர் வீட்டில் அது தையல் இயந்திரம். சிலர் வீட்டில் இட்லிக் கொப்பரை. சிலர் வீட்டில் கல்லுடைக்கும் சம்மட்டி. நாம் படிக்கிற ஒவ்வொரு பக்கத்தின் சுமையும் அதன்மேல்தான் ஏறியிருக்கிறது. அந்தச் சுமை தெரியாமல் அந்தரத்தில் தொங்கியபடி நாம் முடுக்கிக்கொள்ளும் பெருமைகள் ஒரு மாதம்கூடத் தாங்குவதில்லை.

சென்ற வாரம் உதவித்தொகைக்கு ஒரு படிவம் நிரப்பினேன். அதிலும் அதே கட்டம் இருந்தது. இம்முறை பேனா நிற்கவில்லை. 'வாடகைக் கார் ஓட்டுநர்' என்று எழுதினேன். கட்டம் சிறியது, எழுத்தை நெருக்கி எழுத வேண்டியிருந்தது.